பீடிப் பாட்டு எந்த மெட்டில்? நெல்லைச் சீமையின் கேசட் பாடகி ஒருவருக்குத் தேர்ந்த பாடல் தொகுப்பு வந்த விதம்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாடகிக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. முக்கூடலுக்கும் கடையத்துக்கும் இடையில் ஓர் ஊர். ஊர்ப் பெயரும் ஆட்களின் பெயரும் வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே எவர் பெயரும் இல்லை. நடந்தது மட்டும் நடந்த வரிசையில் இருக்கிறது.

சின்ன வயதிலேயே மடிக்குப் பீடித் தட்டு வந்துவிட்டது. முந்தின நாளே நனைத்து வைத்த இலையைக் காலையில் வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டி, சாயங்காலம் கடையில் எண்ணிக் கொடுக்கிற வாழ்க்கை. கை ஓயாது, வாய் சும்மா இருக்கும். கூட இருந்து பீடி சுற்றிய பெண்களுக்காக அவர் பாட்டுக் கட்டத் தொடங்கியது அப்படித்தான். எழுத்து, மெட்டு, குரல் மூன்றும் அவருடையவை. கும்மியும் தாலாட்டும் ஒப்பாரியும் காதில் விழ வளர்ந்தவருக்கு, பிறகு உள்ளூர் ஆர்மோனியக்காரர் ஒருவர் சுருதி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார்.

எண்பதுகளின் கடைசியில் பக்கத்து டவுனில் கேசட் கடை வைத்திருந்த ஓர் அண்ணாச்சி அவரை அழைத்துப் பதிவு செய்தார். அடுத்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் எட்டு கேசட்டுகள் வந்தன. அம்மன் பாட்டு, கல்யாண வாழ்த்து, பீடிக்காரப் பெண்களின் பாடு, 1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் என்று எல்லாம் கலந்து எழுபதுக்குப் பக்கமாகப் பாடல்கள். சிடி வந்ததும் கடை நின்றது, பதிவும் நின்றது. பாடல்கள் மட்டும் போனிலிருந்து போனுக்குத் தாவிக்கொண்டிருந்தன. கேட்பவர்களில் பாதிப் பேருக்கு அதைப் பாடியவர் யாரென்றே தெரியாது.

அவருடைய பேத்தி எங்களைத் தேடி வந்தார். "ஆச்சி பாட்டுல நல்லதா எடுத்து, அவ்வொ பேரு போட்டு, ஒழுங்கா ஒரு ஆல்பமா வரணும்" என்பதுதான் கோரிக்கை. குழுவில் மூன்று பேர்: பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலை செய்யும் நான், நாட்டுப்பாடல் சேகரிக்கும் ஒரு பள்ளி ஆசிரியை, பதிப்புரிமை தெரிந்த ஒரு வக்கீல்.

கைக்கு வந்தவை

மூலப் பதிவு எதுவும் மிஞ்சவில்லை. மூலப் பதிவுக்கான ஸ்பூல் நாடா விலை கூடின பொருள் என்பதால், கேசட் பிரதி எடுத்து முடிந்ததும் அதன் மேலேயே அடுத்த ஆளைப் பதிந்துவிடுவது அந்தக் காலத்துச் சிறிய ஸ்டுடியோக்களில் வழக்கம். ஆகவே விற்பனைக்கு வந்த கேசட்டுகள்தாம் எங்களுக்கு மூலம். அவை மூன்று இடங்களில் கிடைத்தன: பாடகியின் வீட்டு அலமாரி, அண்ணாச்சியின் மகன்கள் வீட்டுப் பரண், கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு மைக் செட் போடும் ஒருவரின் தகரப் பெட்டி.

மைக் செட்காரரின் பெட்டிதான் எங்களுக்கு அதிகம் சொன்னது. ஒவ்வொரு கேசட்டும் எந்த இடத்தில் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தோம். மூன்றாவது கேசட்டின் இரண்டாம் பக்கத்தில் முதல் நான்கு பாட்டும் தெளிவாக ஓடின. ஐந்தாவது பாட்டு வந்ததும் ஜால்ரா மங்கிப்போய், குரல் போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. அங்கங்கே ஒலி அறுந்தது. பாட்டு முடிந்ததும் மறுபடி தெளிவு. சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து ஓட்டியதில் நாடாவின் காந்தப் பூச்சு தேய்ந்திருக்கிறது. அதுதான் பீடிப் பாட்டு.

ஹிட் என்பதை யார் சொல்வது

தேர்ந்த பாடல்களைத் திரட்டி ஒரே ஆல்பமாக்கும் வழக்கத்தைப் பரவலாக்கியது, 1958-ல் அமெரிக்கப் பாடகர் ஜானி மாத்திஸுக்குக் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட தொகுப்பு என்பார்கள். அங்கே விற்பனைப் பட்டியல் இருந்தது. எது ஹிட் என்று காகிதமே சொல்லிவிடும். முக்கூடல் பக்கத்துக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் போட்டதில்லை.

இருந்த சாட்சியங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். அண்ணாச்சியின் கணக்கு நோட்டுப்படி அதிகம் போனது அம்மன் பாட்டு கேசட். ஆனால் நோட்டு கேசட்டைத்தான் எண்ணும், பாட்டை எண்ணாது. அம்மன் கேசட்டை வாங்கியவர்கள் பெரும்பாலும் வரி கொடுத்துக் கொடை நடத்தும் வரிதாரர்களும் டீக்கடைக்காரர்களும். வீட்டுப் பெண்கள் கேசட் வாங்கியதே குறைவு; அவர்கள் குழாய் ஒலிபெருக்கியில் கேட்டு மனப்பாடம் செய்தவர்கள்.

ஆசிரியை இரண்டு ஊர்களின் பீடிக்கடைத் திண்ணையில் போய் உட்கார்ந்தார். எதையும் கேட்கவில்லை, பாட்டு தானாக வரட்டும் என்று காத்திருந்தார். திரும்பத் திரும்ப வந்தது பீடிப் பாட்டுதான். அதுவும் கேசட்டில் இருந்தபடி இல்லை. தரம் பார்க்கும் செக்கர் பீடியைக் கழித்துப் போடுவதைச் சொல்லும் சரணத்தில் பெண்கள் தங்கள் கடைக்குத் தகுந்த மாதிரி இரண்டு வரி சேர்த்திருந்தார்கள். என் கணிப்பில் இதற்கு மேல் பெரிய ஹிட் கிடையாது. ஒரு பாட்டை எடுத்துத் தங்கள் பாட்டாகவே ஆக்கிக்கொள்வதை எந்த விற்பனைக் கணக்கும் பிடிக்காது.

பாடகி தன் பங்குக்கு ஒரு பட்டியல் தந்தார். அதில் பீடிப் பாட்டு இல்லை. வெள்ளப் பாட்டு இருந்தது. நோட்டுப்படி அந்தக் கேசட் சரியாகப் போகவில்லை; திண்ணையிலும் அதை யாரும் பாடவில்லை. இருந்தும் அதை விட அவர் சம்மதிக்கவில்லை. "ஆத்துல போனவங்களுக்காகக் கட்டுனது. அது இல்லாம என் பேருல என்ன தொகுப்பு?" என்றார். விற்றது, பாடப்படுவது, கட்டியவர் மதிப்பது என்று மூன்று பத்திகளாகப் பட்டியல் போட்டோம். இரண்டு பத்தியில் வரும் பாட்டு சேரும். பாடகி பத்தியில் மட்டும் இருந்தாலும் இரண்டு பாட்டு வரைக்கும் சேரும் என்று முடிவு செய்தோம். எழுதிப் பாடுகிற ஒருவரின் தொகுப்பில் அவருடைய தீர்ப்புக்குத் தனியிடம் இருக்க வேண்டும் என்பதில் எங்கள் மூவருக்கும் ஒரே கருத்து.

சினிமா மெட்டு

பீடிப் பாட்டை ஏன் விட்டீர்கள் என்று கேட்டபோதுதான் சங்கதி வெளியே வந்தது.

"அது நான் போட்ட மெட்டு இல்லய்யா. நான் கும்மியாத்தான் கட்டினேன். படத்துல வந்த மெட்டுல படிச்சாத்தான் ஓடும்னு அண்ணாச்சி சொன்னாவ. வரிய அதுக்குத் தக்கன வெட்டிக் குடுத்தேன். எல்லாரும் அதத்தான் படிக்காவ. எனக்கு அது ஒட்டல."

மறுபடி கேட்டோம். ஆமாம், பல்லவியும் சரணமும் அந்தக் காலத்தில் ஊரெல்லாம் ஒலித்த ஒரு திரைப்பாடலின் மெட்டேதான். அதைப் பீடிப் பாட்டாகவே கேட்டுப் பழகிப்போன காது என்பதால் எங்களுக்குப் பிடிபடவில்லை. உள்ளூர் கேசட் உலகில் இதைக் குற்றமாக யாரும் நினைத்ததில்லை. பக்திப் பாட்டு, தேர்தல் பாட்டு எல்லாமே அப்படி வந்தவைதாம். ஆனால் அவர் பெயர் போட்டு, அவருடைய இசை என்று அச்சடித்து இன்றைக்கு வெளியிடுவது வேறு.

வக்கீல் சட்டத்தை விளக்கினார். இசைக்கான பதிப்புரிமை இசையமைப்பாளரின் ஆயுளோடு, அதன் பிறகும் 60 ஆண்டுகள் ஓடும். 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012 திருத்தம் சேர்த்த 31சி பிரிவு, ஒரு பாட்டு பதிவாகி ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் கட்டணம் செலுத்தி அதை மறுபடி பாடி வெளியிட வழி விடுகிறது. ஆனால் வரிகளையோ இசையையோ மாற்றக்கூடாது. ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிகளுக்கு ராயல்டி கட்ட வேண்டும். நாங்கள் போட நினைத்ததோ சில நூறு. வரிகளும் முழுக்க வேறு. அந்தக் கதவு அடைபட்டது. இசை உரிமை வைத்திருந்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை.

வீட்டுக்குள் வாக்குவாதம் எழுந்தது. "எல்லார் போன்லயும் இருக்கு, யாரு கேக்கப் போறா, அப்படியே போடுங்க" என்றார் பேரன். அவர் பேச்சிலும் நியாயம் உண்டு. பீடிப் பாட்டு இல்லாத தொகுப்பை ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும்? ஆனால் போனில் சுற்றுவது ஊரின் காரியம். காசு வாங்கிக்கொண்டு கொடுப்பதற்கு நாங்கள் பொறுப்பு. பின்னால் வழக்கு வந்தால் நிற்கப்போவதும் பாடகியின் பெயர்தான்.

எடுத்த முடிவு: சினிமா மெட்டிலுள்ள பதிவைச் சேர்ப்பதில்லை. முதலில் கட்டிய கும்மி மெட்டில் பாடகியையே பாட வைத்துப் புதிதாகப் பதிவது. தேர்ந்த பாடல் தொகுப்பில் ஒன்றிரண்டு புதுப் பதிவு சேர்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்தான் என்பதால் இதில் தயக்கம் எழவில்லை. பாடகியின் முகம் அன்றைக்குத் தெளிந்ததைப் பார்த்தேன்.

இதே கேள்வியை மற்ற பாடல்களுக்கும் போட்டதில் இன்னும் இரண்டு சினிமா மெட்டுகள் அகப்பட்டன. அவற்றுக்கு வேறு மெட்டு எதுவும் இருந்ததில்லை, விட்டுவிட்டோம். பழைய கீபோர்டுக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்தபோது அவர் இன்னொன்றையும் சொன்னார்: மெட்டு பாடகியுடையதாக இருக்கும் ஒரு பாட்டில், இடையிசையை அவர் ஒரு படத்திலிருந்து எடுத்து வாசித்திருக்கிறார். சில நொடிகள்தாம். அந்த இடையிசையை வெட்டி, சரணங்களை ஆர்மோனிய ஒலியோடு இணைத்தோம். காது கூர்மையானவர்களுக்கு அந்த ஒட்டு தெரியும். அட்டையிலும் அதைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

உரிமைக் காகிதம்

அண்ணாச்சி இறந்துவிட்டார். அவரோடு போட்ட ஒப்பந்தம் முத்திரைத்தாளில் ஒரே பக்கம்: "சகல உரிமைகளும்" கொடுக்கப்பட்டதாக ஒரு வரி, ஒரு தொகை, இரண்டு கையெழுத்து. காலம் எவ்வளவு என்று இல்லை. சட்டத்தின் 19-ம் பிரிவு இதற்கு விடை வைத்திருக்கிறது: காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ஆக, வரியும் மெட்டும் எப்போதோ பாடகியிடம் திரும்பிவிட்டன என்று வக்கீல் கருதினார். பதிவான ஒலி வேறு சொத்து. அதைச் செலவு செய்து எடுத்தவருக்கு, வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டுகள் அது உரியது. அதனால் பழைய ஒலியைப் பயன்படுத்த அண்ணாச்சியின் வாரிசுகளின் எழுத்துச் சம்மதம் வேண்டியிருந்தது.

மகன்கள் தாராளமாகவே பேசினார்கள். அப்பா பெயரும் கடைப் பெயரும் அட்டையில் வர வேண்டும் என்பதே அவர்களுக்கு முதல் நிபந்தனை. செலவு போக வருவதில் பாதி பாடகிக்கு, கால் வாசி வாரிசுகளுக்கு, கால் வாசி வாத்தியக்காரர்களுக்கும் பின்பாட்டுக்காரர்களுக்கும் என்று எழுதிக் கையெழுத்தானது. அந்தக் கடைசிக் கால் வாசியை யாரும் கேட்கவில்லை. பாடகிதான் சேர்க்கச் சொன்னார்.

நாடாவும் ஆர்மோனியமும்

பரணில் கிடைத்த விற்காத பிரதிகள்தாம் ஒலியில் தலைசிறந்தவை. ஓட்டாமலே இருந்ததால் தேய்மானம் இல்லை. நாடாவைப் படிக்கும் ஹெட்டோடு அதை அழுத்தும் சின்ன பஞ்சு மட்டும் பசை விட்டு விழுந்திருந்தது. புதுக் கூட்டுக்குள் நாடாவை மாற்றி ஓட்டினோம். ஒவ்வொரு கேசட்டுக்கும் டெக்கின் ஹெட் சாய்வைத் தனித்தனியாகத் திருத்தி, டால்பி என்கிற இரைச்சல் குறைப்பை அணைத்து, 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றினோம். இது தெரிந்த வேலை, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை.

வேகம்தான் சிக்கல். பல பாட்டுகளில் பாடகியின் குரல் ஒல்லியாக, சின்னப் பெண் பாடுவது போல ஒலித்தது. பிரதி எடுத்த இயந்திரம் மெதுவாக ஓடியிருந்தால், பின்னால் சரியான வேகத்தில் ஓட்டும்போது பாட்டு வேகமாகிச் சுருதி ஏறிவிடும். எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அளக்க ஒலிப்பொறியாளர்கள் பின்னணியில் பதிந்திருக்கும் மின்சார இரைச்சலைப் பார்ப்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அதை அளவுகோலாக வைக்கலாம். ஆனால் தொண்ணூறுகளில் தென்மண்டல மின்கட்டமைப்பில் அலைவெண் 50-க்குக் கீழே இறங்கிக் கிடப்பது சாதாரணம். அதை நம்பித் திருத்தினால் ஒரு பிழைக்கு மேல் இன்னொரு பிழை.

அதே ஆர்மோனியம் இன்னும் ஆர்மோனியக்காரரின் மகன் வீட்டில் இருந்தது. உள்ளே ரீடு களிம்பு ஏறாத பல கட்டைகளை அழுத்திப் பதிந்து, நாடாவில் வரும் அதே கட்டைகளோடு ஒப்பிட்டோம். ஐந்தரைக் கட்டைச் சுருதியில் பாடியதாகப் பாடகி உறுதியாகச் சொன்ன பாட்டு, நாடாவில் ஐந்தரைக்கும் ஆறுக்கும் நடுவில் நின்றது. அரைக் கட்டை ஏற வேகம் சுமார் 6 சதவீதம் கூட வேண்டும். ஆக இங்கே கூடியிருந்தது சுமார் 3 சதவீதம். அதைக் குறைத்ததும் குரலில் கனம் வந்தது. பேத்தி பக்கத்து அறையிலிருந்து ஓடி வந்து "இதுதான் ஆச்சி குரல்" என்றார்.

இரைச்சலை முழுதாக நீக்கும்படி கேட்டார்கள். பாதிதான் நீக்கினோம். அதற்கு மேல் போனால் மென்பொருள் ஜால்ராவையும் சகர ஒலியையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கும்மிப் பதிவு

ஸ்டுடியோ வேண்டாம் என்று பாடகி சொன்னார், நாங்களும் அதையே விரும்பினோம். அவர் வீட்டுப் பின்கட்டில், விடியற்காலையில், தெருவில் வண்டிச் சத்தம் எழும் முன் பதிந்தோம். குரல் இப்போது முன்னைவிட இறங்கியிருக்கிறது. சுருதியை அதற்குத் தகுந்தபடி வைத்தோம். கூடப் பாட வந்தவர்கள் இன்றும் பீடி சுற்றுகிற பெண்கள். கும்மிக்குக் கைத்தட்டுத்தான் தாளம் என்பதால், அவர்களை வட்டமாக நிறுத்தி நடுவில் மைக் வைத்தோம். திண்ணையில் அவர்கள் சேர்த்திருந்த இரண்டு வரியைப் பாடகி அங்கேதான் முதன்முதலாகக் கேட்டார். "நல்லாருக்கே, அதையும் படிங்க" என்று சொல்லிச் சரணத்தில் இடம் கொடுத்தார். அட்டையில் அந்த வரிகளுக்குத் தனியாகப் பெயர் போட்டோம். புதுப் பதிவு என்பதும் தெளிவாக அச்சாகியிருக்கிறது.

வெளியீடும் அதன் பிறகும்

பதினான்கு பாடல்கள். காலவரிசை, கும்மி கடைசியில். கொஞ்சம் சிடி, அதிகம் பென்டிரைவ், கூடவே இணையத்தில். ஒவ்வொரு பதிவுக்கும், ஒலிப்பதிவை அடையாளம் காட்டும், எழுத்தும் எண்ணுமாகப் பன்னிரண்டு இடம் கொண்ட ஐஎஸ்ஆர்சி குறியீடு வாங்கி, எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் மூன்று இடத்திலும் பாடகியின் பெயரைப் பதிந்தோம். பழைய கேசட் அட்டைகளில் "குழுவினர்" என்று ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போன ஆர்மோனியம், டோலக், பின்பாட்டு எல்லோருக்கும் இதில் பெயர் இருக்கிறது. இறந்தவர்களின் பங்கு அவர்கள் வீட்டாரிடம் போய்ச் சேர்ந்தது.

திண்ணையில் வரவேற்பு கலவையாக இருந்தது. "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது அந்தப் பாட்டு இல்லல்லா" என்றார் ஒரு நடுவயதுப் பெண். அவரைவிட மூத்த இரண்டு பேர், கேசட்டுக்கு முன்னால் இந்த மெட்டில்தான் பாடினோம் என்று சொல்லிக் கைதட்ட ஆரம்பித்தார்கள். மைக் செட்காரர் ஆடிக் கொடையில் தொகுப்பிலிருந்து அம்மன் பாட்டைப் போட்டார். பீடிப் பாட்டுக்கு மட்டும் தன் பழைய கேசட்டையே போட்டார். அவரைத் தடுக்க எங்களுக்கு எண்ணமும் இல்லை, உரிமையும் இல்லை.

நாங்கள் எதிர்பார்க்காதது வெள்ளப் பாட்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி மறுபடி கரையை உடைத்து ஊருக்குள் வந்தது. அதற்கப்புறம் வெளியான இந்தத் தொகுப்பில் அதிகம் பேர் கேட்டு வாங்கியது அந்தப் பாட்டைத்தான். ஸ்ரீவைகுண்டம் பக்கத்திலிருந்துகூட ஆள் அனுப்பினார்கள். முப்பது வருடம் முன்பு கட்டிய பாட்டில் தங்கள் தெருவைக் கேட்டதாக ஒருவர் சொன்னார். பாடகி பத்திக்கு இடம் விட்டது சரி என்று அன்றைக்கு உறுதியானது.

அடுத்த தொகுப்பில் மாற வேண்டியவை

பட்டியல் போடும் முதல் நாளிலேயே "மெட்டு யாருடையது?" என்ற பத்தி இருக்க வேண்டும், தேர்வு முடிந்தபின் கேட்டால் மனத்தாங்கல் கூடும். இடையிசையும் அதில் அடங்க வேண்டும் என்பதால், வாத்தியக்காரர்களைத் தேடுவது நாடாவைத் தேடுவதற்கு முன்னால் நடக்க வேண்டிய வேலை. அவர்கள் வயதும் அதைத்தான் சொல்கிறது. நாங்கள் டோலக்காரரின் வீட்டுக்குப் போனபோது அவர் இறந்துபோய்ச் சில மாதங்கள் ஆகியிருந்தன.

திண்ணைப் பாட்டை ஆசிரியை நோட்டில் எழுதிக்கொண்டார். அதை ஒலியாகவும், பாடியவர்களின் சம்மதத்தோடு, பதிந்து வைக்க வேண்டும். ஒரே பாட்டு ஊருக்கு ஊர் எப்படி மாறியிருக்கிறது என்பது தனி ஆவணம். திருத்தாத 96 கிலோஹெர்ட்ஸ் கோப்புகளின் மூன்று பிரதிகள் வெவ்வேறு இடங்களில் இருக்கின்றன. வேகம் திருத்திய கணக்கும் கூடவே இருக்கிறது. வேறொருவர் எங்கள் கணிப்பை மாற்ற நினைத்தால் மாற்றலாம்.

பாடகியிடம் கேசட்டில் ஏறாத பாட்டுகள் நான்கு நோட்டுகளில் இருக்கின்றன. பீடிக் கணக்கு எழுதிய அதே நோட்டுகள். ஒரு பக்கம் எண்ணிக்கை, மறுபக்கம் பாட்டு. அவற்றை ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடிக்கும் வேலையைப் பேத்தி தொடங்கியிருக்கிறார். எந்தப் பாட்டுக்கு எந்த மெட்டு என்று பாடகி ஒவ்வொன்றாகப் பாடிக் காட்டுகிறார்.